யாரும் வரமாட்டார்கள் என்று நம்புகிறவர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம்மூரில் துப்பாக்கியை எங்கே பார்த்திருப்போம்? வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் ஒரு இரட்டைக்குழல். தேர்தல் வந்தால், உரிமம் வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் ஒரு செய்தி. அவ்வளவுதான். அதனால் அமெரிக்காவில் மூன்றில் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்றதும், "அவங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிடுகிறோம். ப்யூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்குப்படி வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கிறது. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்பவர்களில் 45 விழுக்காடு, ஜனநாயகக் கட்சிப் பக்கம் 20. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு 72 விழுக்காட்டினர் பாதுகாப்பைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். வேட்டையெல்லாம் அப்புறம்தான்.

அந்த 45இல் ஒருவர் டெக்சாஸில் நான் குடியிருந்த தெருவில் இருந்தார். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேவாலயம் போகிறவர், பழமைவாதி என்று தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். அவர் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். கைத்துப்பாக்கிகளுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில், வெள்ளி நாணயங்களும் கொஞ்சம் ரொக்கமும். எதிரே ஒரு மேஜை. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கி வந்து கழுவிக் காயவைத்து, புது வெடிமருந்து நிரப்பி, முனையில் ஈயக் குண்டை வைத்துக் கைப்பிடியை அழுத்தித் திரும்பத் தோட்டா ஆக்குவார். 2020 கடைசியில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது தெருவில் அவர் ஒருவர்தான் கவலைப்படவில்லை.

வெள்ளியும் துப்பாக்கியும் ஒரே தட்டில் இருந்தது முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பேசப் பேசப் புரிந்தது. ஆபத்து வந்தாலும் பணமுடை வந்தாலும் அடுத்தவன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அந்த அடுத்தவன் பெரும்பாலும் அரசாங்கம்.

பணத்தைப் பற்றி ஆரம்பித்தால் அவர் 1933க்குப் போய்விடுவார். அந்த ஆண்டு ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டார். கையில் இருக்கும் தங்க நாணயம், தங்கக் கட்டி எல்லாவற்றையும், சில விலக்குகள் போக, மே 1க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே தங்கத்தின் விலையை 35 டாலர் என்று அரசே உயர்த்திக்கொண்டது. கொடுத்தவன் ஏமாந்தான். 1974 கடைசியில்தான் அமெரிக்கர்கள் மறுபடி சுதந்திரமாகத் தங்கம் வைத்துக்கொள்ள முடிந்தது. (இங்கே நாமும் சிரித்துக்கொள்ள முடியாது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டியையும் நாணயத்தையும் தடை செய்தது, 1990 வரை இருந்தது. தாலிக்கொடியில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் ஆட்சி நின்றிருக்காது.) தங்கத்தைக் கேட்டவன் நாளைக்குத் துப்பாக்கியையும் கேட்பான் என்பது அவர் வாதம். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டு, கையில் இருந்த டாலரின் மதிப்பு கரைந்தபோது, "பார்த்தீர்களா, இப்போது கேட்காமலே எடுக்கிறார்கள்" என்றார்.

சரி, குற்றத்துக்கு வருவோம். இவர்கள் வாதத்தில் எனக்குத் தூக்கிப்போட முடியாத பகுதி இதுதான். 1999இல் கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்ற ஊரில் ஒரு பெண் தன் கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத் தடையாணை வாங்கி வைத்திருந்தார். அவன் மூன்று பெண் குழந்தைகளையும் கொண்டுபோய்விட்டான். தாய் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார், நேரிலும் போனார். பொறுத்திருங்கள் என்றார்கள். விடிவதற்கு முன்பு அவனே காவல் நிலையத்துக்கு வந்து சுட்டான், போலீஸ் திருப்பிச் சுட்டதில் செத்தான். அவன் வண்டிக்குள் மூன்று குழந்தைகளும் பிணமாகக் கிடந்தார்கள். அந்தத் தாய் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தடையாணையைப் போலீஸ் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கேட்க அரசியல் சட்டப்படி அவருக்கு உரிமை இல்லை என்று 2005இல் ஏழுக்கு இரண்டாகத் தீர்ப்பானது. போலீஸ் வரும், வராமலும் போகலாம், வராவிட்டால் கேட்க முடியாது. இதற்குப் பிறகு "நீ ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறாய்?" என்று என் எலக்ட்ரீஷியனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இது வெள்ளைக்காரக் கிராமத்தானின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஓட்டிஸ் மெக்டொனால்ட். சிகாகோவில் வசித்த கறுப்பினப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டில் பலமுறை திருட்டு. அந்த நகரத்திலோ 1982 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை. அவர் வழக்குப் போட்டு 2010இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார். வீட்டுக்குள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை மாநிலங்களும் நகரங்களும் பறிக்க முடியாது என்று ஆனது.

பொருளுக்காக ஓர் உயிரை எடுக்கலாமா என்று கேட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குள்ளேயே சண்டை வரும். 2007இல் டெக்சாஸின் பாசடீனாவில் ஒருவர் அவசர எண்ணுக்குப் போன் செய்து, பக்கத்து வீட்டில் இருவர் திருடுகிறார்கள் என்றார். வெளியே போகாதீர்கள், எந்தப் பொருளும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்று மறுமுனையில் கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். அவர் போனார், இருவரையும் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு, வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான விசாரணை ஜூரி அவர்மேல் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. இரவு நேரத் திருட்டைத் தடுக்கச் சுடுவதற்குச் சில நிபந்தனைகளோடு இடம் தரும் சட்டம் டெக்சாஸில் உண்டு. ஆனால் இது பட்டப்பகல், அடுத்தவர் வீடு. என் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "என் மனைவி உள்ளே இருந்தால் சுடுவேன். டிவிக்காகச் சுட மாட்டேன்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவும் இருட்டில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க உயிர் போகும் அளவுக்குத் திருப்பி அடிக்கலாம் என்கிறது என்றதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

இன்னொரு கணக்கும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தோட்டாவின் வாலிலும் ஒரு வக்கீல் தொங்குகிறார் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லுவார்கள். நியாயமாகச் சுட்டவனுக்கும் வக்கீல் செலவு உண்டு. இதற்கென்றே விற்கிற காப்பீட்டுக்கு அவர் மாதாமாதம் பணம் கட்டினார்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று இருக்கிறது. ஆபத்து வாசல் வழியாகத்தான் வரும் என்று அவர் நினைக்கிறார். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது வீட்டு ஆளையே கொண்டுபோகிறது. இந்த எண்களைச் சொன்னால் பழமைவாதிகள் பலர், துப்பாக்கியைப் பிடுங்க இது ஒரு சாக்கு என்று எழுந்து போய்விடுவார்கள். எல்லோரும் அல்ல. நியூ ஹாம்ப்ஷயரில் 2009இல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கடைக்காரர் வேறு சில கடைக்காரர்களோடும் பொதுச் சுகாதாரத் துறையினரோடும் உட்கார்ந்து பேசினார். வாங்க வருபவரின் பேச்சிலும் முகத்திலும் எதைக் கவனிப்பது, சந்தேகம் வந்தால் எப்படி விற்காமல் அனுப்புவது என்று எழுதிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். மனம் சரியில்லாத நண்பனின் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சுவரொட்டியும் ஒட்டினார்கள். சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை, அவர்களே செய்தார்கள். பிறகு வேறு மாநிலங்களிலும் இது பரவியது.

நேரம் ஆகிவிட்டது, கேள்விகளுக்குப் போகலாம்.