கல் சொன்னதும் நாம் கேட்டதும்

(கும்பகோணத்துக்கு அருகே ஓர் ஊர் நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, அறுவடை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த அவையில் வரப்புத் தகராறு பார்க்காத குடும்பம் ஒன்று இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்கவில்லை. நல்லது, என் வேலை சுலபமாகிவிட்டது. கோர்ட்டுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும்: "நூறு வருஷமாக எங்கள் அனுபவ பாத்தியம் ஐயா" என்று கூண்டில் ஏறி அடித்துப் பேசுகிற சாட்சியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் அதைச் சொல்வதற்கென்றே அழைத்து வரப்பட்டவர். ஆனால் வேறொன்றைப் பேச வந்தவர், போகிற போக்கில், "அந்த வருஷம் அவர் களத்தில்தான் என் மாட்டைக் கட்டியிருந்தேன்" என்று சொன்னால் வக்கீல் நிமிர்ந்து உட்காருவார். வரலாற்றுச் சான்றையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சாட்சி எதற்காகக் கூண்டில் ஏறியது என்பதுதான் என் முதல் கேள்வி.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. 'பொன்னியின் செல்வன்' நாவல் படித்தவர்கள் எல்லாரும் தேடிப்போகிற கல்வெட்டு. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான" என்று சொல்லிவிட்டு ரவிதாசன் முதலியோரின் பெயர்களைத் தருகிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய சான்று இதுதான்.

ஆனால் அந்தக் கல் கொலையைப் பற்றிச் சொல்ல வெட்டப்பட்டதா? கிடையாது. அது ஒரு நிலக் கிரயப் பத்திரம். துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்து விற்கச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். அந்த நிலத்தை ஒருவர் வாங்கி அறக்கட்டளைக்கு எழுதிவைக்கிறார். பின்னால் யாரும் வில்லங்கம் பேசக்கூடாதே என்று, நிலம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்து வெட்டிவைத்தார். கொலை அங்கே மூலபத்திரமாக வருகிறது, அவ்வளவுதான். அதனால்தான் நான் அதை நம்புகிறேன்.

அரசன் யார் என்று பெயர் போட்டு எழுதவில்லை. இராசகேசரியின் 2ஆம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கிறது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். ராஜராஜனுக்கு முன்னால் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. எனவே இது 985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் என்று கணக்கு வருகிறது. இதுவரை கல் நமக்குக் கை கொடுக்கிறது. கொலைக்கு யார் தூண்டுதல்? கொலை நடந்த பிறகு நடவடிக்கைக்கு ஏன் இத்தனை ஆண்டு தாமதம்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடையிலும் இன்றைக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரம் எழுதியவரோ நிலத்தின் எல்லையைத்தான் கவனமாக எழுதினார். காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிர் மெய்க்கீர்த்தி. அரசனைப் புகழவே வெட்டியது. அதில் தோல்வியைத் தேடாதீர்கள், கிடைக்காது. 1054இல் கொப்பத்துப் போரில் சோழ அரசன் ராஜாதிராஜன் யானை மேலேயே இறந்தான். பிற்காலக் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. 'துஞ்சின' என்ற சொல்லின் நாசூக்கைப் பாருங்கள்! தூங்கிவிட்டாராம். பொய்யும் சொல்லவில்லை, முழுவதும் சொல்லவும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தானே பேசுவார்கள்.

கல்லணைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் வருத்தப்படுவீர்கள். கரிகாலன் கட்டினான் என்று நானும் பாடம் நடத்தியவன். பட்டினப்பாலை கரிகாலனை "காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி" என்று பாடுகிறது. குளம் இருக்கிறது, அணை இல்லை. அவன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்று ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அது எழுதப்பட்டது பல நூற்றாண்டுகள் கழித்து. சோழர் குலப் பெருமை பாடும் பகுதியில் வருகிறது. அங்கேயும் கரைதான். கரைக்கும் அணைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தஞ்சை மாவட்டத்துக்காரனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் கட்டவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாம் எடுத்துக்காட்டும் சான்று அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தலபுராணம் கரிகாலன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹுல்ஷ் அந்தச் சுவரைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் நமக்குத் திரும்பக் கிடைத்தது. "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்று அவனே பேசுகிறான். தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான். விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3,083 பலம் என்று நிறுத்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை எழுத்தும் கண்ணெதிரே இருந்தது. தினம் சுற்றி வந்து கும்பிட்டோம், படிக்கவில்லை. இன்றைக்கும் பாருங்கள், எடை கணக்கு யாருக்கும் தெரியாது. நிழல் தரையில் விழாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் போய் நில்லுங்கள். தாராளமாக விழும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே உடையாளூர். பால்குளத்து அம்மன் கோயில் தூண் ஒன்றில் முதல் குலோத்துங்கனின் 42ஆம் ஆண்டு, அதாவது 1112ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சிவபாதசேகர தேவர் திருமாளிகையைப் பழுது பார்த்ததைச் சொல்கிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர். எனவே அவன் சமாதி இங்கேதான் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லித் தொல்லியல் துறை ஆராய்ந்தது. சமாதிக்குச் சான்று கிடைக்கவில்லை. சில கிலோமீட்டர் தள்ளிப் பட்டீஸ்வரத்தில், ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த கோயிலைக் கல்வெட்டு 'பள்ளிப்படை', அதாவது சமாதிக் கோயில், என்றே குறிக்கிறது. அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. மாளிகை என்றால் மாளிகை.

சரி, கடைசியாக என் சங்கதி. நான் கோடை விடுமுறைகளில் நண்பர்களோடு கல்வெட்டுப் படி எடுக்கப் போவேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்தால் காகிதம் எழுத்தின் பள்ளத்தில் போய் உட்காரும். காய்ந்துவரும் பதத்தில் துணிப் பந்தால் மையை ஒற்றினால் கறுப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பும். புள்ளி இருக்காது. கொம்பில் குறில் நெடில் தெரியாது. துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். அதற்கு மேல் நம்முடைய ஆசையும் பக்கத்தில் நின்று வாசிக்கும்.

ஒரு சிவன் கோயிலில் இப்படி ஒரு படி எடுத்தோம். "ஸ்வஸ்தி ஸ்ரீ கோ" என்று தொடங்கி, கல் சிதைந்து, "கேசரி" என்று முடிகிறது முதல் வரி. இராசகேசரியா, பரகேசரியா? நடுவில் ஓர் எழுத்தின் வால் மட்டும் தெரிந்தது. கீழே தெளிவாக, அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கு, அதன் நெய்க்குச் 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூற்றாறு. ஆடு சாகும், கிழடாகும். கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று மேய்ப்பவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கோயில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "சார், கும்பாபிஷேகப் பத்திரிகையில் ராஜராஜன் காலம் என்று போட்டுவிடலாமா?" ஆடுகளைப் போடுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகையில் ராஜராஜனே வந்தான். அடுத்த ஆண்டு போனபோது தரையை உயர்த்திச் சலவைக்கல் பதித்திருந்தார்கள். அந்த வரிகள் சிமென்டுக்குள் போய்விட்டன. இனி அந்தக் கல்லுக்கு என் காகிதம்தான் சாட்சி. காகிதத்துக்கு நான் சாட்சி. என்னையும் சந்தேகப்படலாம், தப்பில்லை.

படியைக் கொண்டுவந்திருக்கிறேன். தம்பி, அந்த விளக்கை இந்தப் பக்கம் திருப்பு. பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் வாருங்கள். 'கோ'வுக்கு அடுத்து ஒரு வால் தெரிகிறது பாருங்கள், அது என்ன எழுத்து? பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.