தெரியலன்னு சொன்னா யார் விடுறாங்க?

நடுவர் அவர்களே, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் எங்க ஊர் ஜனங்களே, எல்லோருக்கும் வணக்கம். தெரியாததைத் தெரிந்த மாதிரி மனிதன் காட்டிக்கொள்வதற்குக் காரணம் அவனுடைய அகந்தையா, சுற்றி இருப்பவர்கள் கொடுக்கும் நெருக்கடியா என்பது தலைப்பு. நெருக்கடிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எங்க அப்பா தேவனாம்பட்டினத்துக்காரர், ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போனவர். சின்ன வயதில் நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். வலை விடுவதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் விட்டு, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். சில நாள் புரியாது. அப்போது கொஞ்சம்கூடத் தயங்காமல், கூட வந்தவரிடம் "எனக்குப் பிடிபடல மச்சான், நீ பாரு" என்பார். முப்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன் சொல்கிற வார்த்தை அது. படகில் யாரும் அதற்குச் சிரித்ததில்லை, ஏனென்றால் தெரியாமல் வலையை விட்டால் எல்லோருடைய வலையும்தான் போகும்.

அதே அப்பா, போன வருஷம் பிரஷருக்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாத்திரையில் ஒன்றைத் தினம் பாதி மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "புரிஞ்சுதுங்க" என்று தலையாட்டினார், நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்து நாள் கழித்து, திண்ணையிலிருந்து எழுந்தவர் தலை சுற்றி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்துக் குழியும் காலி. தினம் பாதி என்றால் ஐந்து மாத்திரை மிச்சம் இருக்க வேண்டாமா? முழுசு முழுசாக விழுங்கியிருக்கிறார்.

"ஏன்ப்பா, புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். "சொன்னது காதுல விழுந்துச்சுடா, புத்தியில ஏறல. எனக்கு முன்னாடி போன அம்மா ரெண்டாவது தடவை கேட்டதுக்கு, படிச்சவங்கதானே, இதுகூடப் புரியலையான்னு கேட்டாங்க. நான் படிக்காதவன், எனக்கு என்ன விழும்?" என்றார்.

நடுவர் அவர்களே, அகந்தை அப்பாவின் குணமாக இருந்தால் அது அவரோடு படகிலும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையே! ஆள் அதே ஆள்தான், மாறினது இடம்.

எதிரணியில் பேசிய அக்கா 2002-இல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்ப்லிட், கெய்ல் என்ற இரண்டு பேர் செய்தது. ஜிப், தையல் மெஷின், கழிப்பறை ஃப்ளஷ் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போடுங்கள் என்றால், நிறைய போட்டுக்கொள்கிறார்கள். சரி, விளக்கி எழுதுங்கள் என்றால் பேனா நின்றுவிடுகிறது. இதுதான் அகந்தைக்குச் சாட்சி என்றார் அக்கா. ஆனால் அந்த ஆய்வின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்த பிறகு மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது, அதே ஆட்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் கேலி செய்யவில்லை, உட்கார்ந்து யோசிக்க நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அகந்தை பிடித்தவன் தன் மார்க்கைத் தானே வெட்டுவானா? அவர்கள் முதலில் செய்தது நடிப்பே இல்லை, தெரியும் என்று நிஜமாகவே நம்பியிருந்தார்கள்.

சரி, டீக்கடையில் யாரும் கேட்காமலே உலக விஷயம் அத்தனையும் பேசுகிறவருக்கு யார் நெருக்கடி கொடுத்தது என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, அதைத் தட்டிவிட்டுப் போக மாட்டேன். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவில் நிலம் ஆடியது, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகித்தான் அலை நம்ம கரைக்கு வந்தது. அந்த இடைவெளியில் நமக்கு எதுவும் தெரியாது, சுனாமி என்ற வார்த்தையே எங்க தெருவில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்த நாட்களில், அடுத்த அலை எப்போது வரும் என்று ஜனம் அப்பாவைத்தான் கேட்டது. "தெரியாதும்மா, இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல" என்றார். கேட்டவர்கள் நகர்ந்து, மணி நேரத்தோடு அடித்துச் சொன்ன இன்னொருவரைச் சுற்றி நின்றார்கள். டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வருகிறது என்று பரவி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அலை வரவில்லை. உண்மையைச் சொன்னவரைத் தனியாக விட்டுவிட்டு, அடித்துச் சொன்னவரைச் சுற்றி நின்றது யார்? நாம்தான். டீக்கடையில் பேசுகிறவர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார், அக்கா.

அப்பா தலை சுற்றி உட்கார்ந்த பிறகு வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு நர்ஸ் அம்மா "புரிஞ்சுதா" என்றே கேட்கவில்லை. மாத்திரையை அப்பா கையில் கொடுத்து, "ஐயா, நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்றார். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், படகில் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்: "இதுல எது காலையில, எது ராத்திரின்னு எனக்குப் பிடிபடலம்மா."

தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். வணக்கம்.