ஹம்போல்ட் வருவதற்கு முன் மெக்சிகோவில் புவியியல் அறிஞர்கள் இல்லையா?

சரி, அடுத்த கேள்வி. "ஹம்போல்ட் ஒரு வருடம் மட்டும் தங்கிவிட்டுப் போன ஜெர்மன் இயற்கை ஆய்வாளர். அவர்தான் மெக்சிகோவின் புவியியலுக்கே அடித்தளம் போட்டவர் என்கிறார்களே, அங்கே அறிஞர்களே இல்லையா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இருந்தார்கள். பலரும் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். 1803 மார்ச்சில் ஹம்போல்ட் அகாபுல்கோ துறைமுகத்தில் வந்து இறங்கியபோது மெக்சிகோ ஸ்பெயின் ஆட்சியில் இருந்த நாடு. அந்த நாட்டு அறிஞர்களான அல்சாத்தே வரைந்த வரைபடங்களும் வெலாஸ்கெஸ் தே லெயோன் செய்த வானியல் அளவீடுகளும் அதற்கு முன்பே இருந்தன. ஹம்போல்ட் அவற்றைத் தேடி வாங்கினார், தன் அளவீடுகளோடு ஒப்பிட்டார், மெக்சிகோ நகரத்துச் சுரங்கக் கல்லூரியின் உதவியோடு தன் பெரிய வரைபடத்தைத் தயாரித்தார்.

அப்படியானால் அவர் கொண்டுவந்தது என்ன? முக்கியமாக, உயரக் கணக்கு. போகுமிடமெல்லாம் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். கடற்கரையில் சுமார் 760 மில்லிமீட்டரில் நிற்கும் பாதரசம், மேலே ஏற ஏற இறங்கி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரத்தில் 585 பக்கம் வந்துவிடும். அந்த இறக்கத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். அகாபுல்கோவிலிருந்து தலைநகர் வழியாகக் கிழக்கே வேராகுரூஸ் வரை இப்படியே அளந்து, நாட்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போல ஒரு படம் போட்டார். வெப்ப நிலம், மிதமான நிலம், குளிர் நிலம் என்று அங்குள்ளவர்கள் ஏற்கெனவே சொல்லிவந்த பிரிவுகள் எந்த உயரத்தில் மாறுகின்றன, எங்கே என்ன விளைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் எண்களோடு தெளிவானது. அவர் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், மக்கள்தொகை, சுரங்கம், விவசாயம் என எல்லாவற்றையும் தொகுத்து 1808 முதல் பாரிசில் நூலாக வெளியிட்டார். 1821இல் நாடு விடுதலை பெற்றபோது, புதிய அரசுக்குத் தன் நிலத்தைப் பற்றிய ஒரு முழுச் சித்திரம் கையில் இருந்தது. மீதி வேலையைச் செய்தவர்கள் மெக்சிகோக்காரர்களே: 1833இல் தொடங்கிய புவியியல் புள்ளியியல் சங்கமும், 1858இல் அட்லஸ் வெளியிட்ட கார்சியா கூபாசும்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. 1804இல் ஊர் திரும்பும் வழியில் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ஜெபர்சனைச் சந்தித்த ஹம்போல்ட், தன் வரைபடத்தையும் தகவல்களையும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். 1848இல் மெக்சிகோ, போரில் தோற்று, தன் வடபகுதியை அமெரிக்காவிடம் இழந்தது. அந்த வரைபடத்தால்தான் போர் வந்தது என்பது நியாயமில்லை. ஆனாலும் அவர் அதைக் கொடுத்திருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். மெக்சிகோ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1859இல் அவர் இறந்ததும் மெக்சிகோ அதிபர் குவாரெஸின் அரசு அவரை நாட்டுக்கு நற்பணி செய்தவர் என்று அறிவித்தது.