அறுத்த ரைஃபிளுக்கு என்ன விலை? திருவொற்றியூர் புல்லட்டை வைத்துச் சொல்கிறேன்!

[காட்சி: திருவொற்றியூர் நெடுஞ்சாலை, காலை நேரப் போக்குவரத்து]

வணக்கம் மக்களே! ஒரே மாடலில் இரண்டு பழைய ராணுவ ரைஃபிள். இரண்டிலும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஒன்று அந்த ஓட்டையாலேயே மதிப்பை இழந்தது. இன்னொன்று அதே ஓட்டையால் பல மடங்கு விலைக்குப் போகிறது. எப்படி? கடைசி வரை பாருங்கள்.

முதலில் சட்டம். நம் நாட்டில் .303 ராணுவ ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. எனவே யாரும் இங்கே தேடிக் கிளம்ப வேண்டாம். கேள்வி வந்தது டொராண்டோவிலிருந்து. அங்கே உரிமம் வைத்திருக்கும் என் பெரியம்மா மகன், கடையில் ஒரு லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 ரைஃபிள்) பார்த்துவிட்டு, "வாங்கலாமாடா தம்பி?" என்று படம் அனுப்பினார். முன்பக்க மரக்கட்டை பாதிதான் இருந்தது.

வரலாறு சுருக்கமாக: இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் உபரி ரைஃபிள்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன, வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கி, எடை குறைய அறுத்துக்கொண்டார்கள்.

[காட்சி: பழைய புல்லட்டின் டேங்க், அருகில்]

இப்போது எனக்குப் பிடித்த இடம். என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த கம்பெனிதான் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. 1955இல் அது மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து, நம்ம திருவொற்றியூரில் புல்லட் செய்ய வந்தது. துப்பாக்கியின் பெயரைத்தான் வடசென்னை இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது!

அதனால் புல்லட் வாங்கத் தெரிந்தவருக்கு இந்த ரைஃபிளைப் பார்க்கவும் தெரியும். பழைய வண்டியில் மட்கார்டை வெட்டியிருந்தால் கவலை இல்லை, வேறு மட்கார்டு மாட்டலாம். சேசிஸை அறுத்திருந்தால்? அவ்வளவுதான், அது பழைய வண்டியாகத் திரும்பாது. ரைஃபிளில் மரக்கட்டைதான் மட்கார்டு. பேரல் என்கிற குழலும், அது பொருந்தியிருக்கும் இரும்பு உடலான ரிசீவரும்தான் சேசிஸ். நம்பர் 4 பேரல் 25.2 அங்குலம் இருக்க வேண்டும். டேப் வைத்து அளக்கச் சொன்னேன். அளவு சரியாக இருந்து, ரிசீவரில் புது ஓட்டையும் இல்லையென்றால், கட்டை, வளையம் எல்லாம் தேடி வாங்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரலாம். அந்தச் செலவைக் கூட்டி, அறுக்காத ரைஃபிளின் விலையிலிருந்து கழித்துப் பாருங்கள், மிஞ்சுவதற்கு மேல் கொடுக்காதீர்கள். பேரலே குட்டையாகியிருந்தால் வேட்டைத் துப்பாக்கி விலைதான் கொடுக்க வேண்டும். "உலகப்போர் பார்த்தது சார்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய் கூட ஏற்றாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ஒத்துப்பார்க்கிறோம் அல்லவா? இங்கே ரிசீவர் எண்ணும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் விலை மட்டும் இல்லை, உயிர் விஷயம். போல்ட் தலைக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் இடைவெளி அதிகமானால், சுடும்போது தோட்டாவின் கூடு பிளந்து, சூடான வாயு சுடுகிறவர் முகத்தைத் தாக்கலாம். தெரிந்தவர், அந்த இடைவெளியைச் சோதிக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது.

பேரலுக்குள் வெளிச்சம் அடித்தும் பாருங்கள். அந்தக் காலத் தோட்டா சுட்டபின் உள்ளே உப்பு தங்கும், காசிமேட்டுக் காற்றில் சைக்கிள் செயின் போலத் துரு அரித்துவிடும்.

சரி, அந்த ஓட்டைக்கு வருவோம். போர்க்காலத்தில் குறி தவறாமல் சுடும் நம்பர் 4களைப் பொறுக்கி எடுத்து, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ரிசீவரின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, தொலைநோக்கி மாட்டத் தளம் பொருத்தி, கன்னம் வைக்கக் கட்டையில் மேடு கட்டி, 'டி' (T) என்று முத்திரை குத்தினார்கள். தொலைநோக்கியின் எண்ணையே தோளில் வைக்கும் பட் கட்டையின் கழுத்தில் பொறித்தார்கள். அந்த எண்ணும் மாட்டியிருக்கும் தொலைநோக்கியும் ஒத்துப்போனால் சேகரிப்பாளர்கள் விலை பேசுவதையே விட்டுவிடுவார்கள்! வீட்டு ஷெட்டில் யாரோ டிரில் போட்ட ஓட்டையும் இதுவும் ஒன்றாகிவிடுமா? போலி 'டி'யும் சுற்றுகிறது, முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்.

என்.சி.சி.யில் .303 தூக்கி டிரில் செய்தவர்கள், 'டி.பி.' (DP, டிரில் பர்ப்பஸ்) முத்திரை பார்த்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். அது பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கு இல்லை.

அண்ணன் அளந்துவிட்டார்: 25.2 அங்குலம், ஓட்டை இல்லை, போல்ட் எண் மட்டும் வேறு. கேஜ் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் ஒத்துக்கொண்டாராம். சனிக்கிழமை போகிறார்.