கணினிக்கு இன்றைய மனசு தெரியாது

நடுவர் அவர்களே, துப்பாக்கி வாங்குகிறவர் 5 நாள் காத்திருந்த பிறகே அது கைக்கு வர வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம். காத்திருந்ததால் ஒரு பெண்ணின் உயிரே போனது என்று எதிரணி அம்மையார் நியூ ஜெர்சி மாநிலத்துக் கதையைச் சொல்லி அவையைக் கலங்க வைத்துவிட்டார். அதற்கு வருகிறேன். முதலில் கடைக்குப் போவோம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி எப்படி வாங்குகிறார்கள்? கவுண்டரில் 4473 என்றொரு படிவம் தருவார்கள். பெயர், முகவரி எழுதி, குற்ற வழக்கு உண்டா இல்லையா என்று டிக் அடிக்க வேண்டும். கடைக்காரர் கணினிச் சோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் 'சரி' என்று வந்துவிடும். கார்டைத் தேய்த்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பலாம். அதே ஊரில் மெத்தை வாங்கினால் 100 நாள் படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம்!

அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டபோது தலையில் குண்டு பாய்ந்த செய்திச் செயலாளர் பிரேடியின் பெயரில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது 5 நாள் காத்திருக்கச் சொன்னது. 1998-ல் உடனடிக் கணினிச் சோதனை வந்தது, 5 நாள் போய்விட்டது. "சோதனைதான் உடனே முடிகிறதே, அப்புறம் காத்திருப்பு எதற்கு?" என்கிறார்கள் எதிரணியினர். ஐயா, அவன் முன்பு ஜெயிலுக்குப் போனது கணினிக்குத் தெரியும். இன்று காலை வேலை போனது தெரியுமா? நேற்று ராத்திரி நடந்த சண்டை தெரியுமா?

அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிலோ பெரும்பாலோர் பிறகு அப்படிச் சாவதில்லை. அந்த வேகம் தணிய நாலு நாள் வேண்டும், அவ்வளவுதான். காத்திருப்புச் சட்டம் துப்பாக்கிக் கொலைகளைச் சுமார் 17 சதவீதம் குறைக்கிறது என்று 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஏற்கெனவே வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் முதல் துப்பாக்கி வாங்க வருகிறவனுக்கு அது பதில் ஆகாது.

சரி, நியூ ஜெர்சி. 2015-ல் முன்னாள் காதலனுக்குப் பயந்து துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு மனுப்போட்ட பெண், அது கைக்கு வருமுன் அவனால் குத்திக் கொல்லப்பட்டார். கொடுமை. ஆனால் அவர் காத்திருந்தது அனுமதிச் சீட்டுக்கு. 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். 40 நாள் தாண்டியும் வரவில்லை. மேசையில் காகிதம் தூங்கியதற்கு எங்கள் 5 நாளை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? உயிருக்கு மிரட்டல் உள்ளவருக்கு விலக்கு வேண்டுமா? எழுதிக்கொண்டு வாருங்கள், முதல் கையெழுத்து எங்கள் அணியுடையது.