ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள மூணு ஆக்சிஜன்

வணக்கம் மக்களே, இந்த டம்ளர் தண்ணிய பாருங்க. இதுல இருக்கற ஆக்சிஜன்ல மூணு வகை இருக்கு, 16, 17, 18, எடைதான் வேற வேற. 500 அணுவுக்கு ஒண்ணு 18, 17 இன்னும் கம்மி, சுமார் 2600க்கு ஒண்ணு, மீதி எல்லாமே 16. ஏன் இப்படின்னு தேட ஆரம்பிச்சேன், ரெண்டு நாளா வேற எதுவும் மண்டையில ஓடல.

16 ரொம்ப நேரடியான விஷயம். நட்சத்திரத்தோட நடுவுல மூணு ஹீலியம் சேர்ந்தா கார்பன், அதோட இன்னொரு ஹீலியம் ஒட்டினா ஆக்சிஜன் 16, அதனால பிக் பேங் விட்டுட்டு போன ஹைட்ரஜன் ஹீலியத்த மட்டும் வச்சே முதல் தலைமுறை நட்சத்திரம் இத செஞ்சிடும், அதுலயும் சூரியன மாதிரி 8 மடங்குக்கு மேல கனமானதுன்னா சில கோடி வருஷத்துலயே வெடிச்சு வெளிய கொட்டிடும். 2025ல சிலியில இருக்கற அல்மா டெலஸ்கோப்புல, பிக் பேங் நடந்து வெறும் 30 கோடி வருஷத்துல இருந்த ஒரு கேலக்ஸில ஆக்சிஜன பார்த்துட்டாங்க, பேரு ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0. அவ்ளோ சீக்கிரம்!

17, 18 அப்படி இல்ல. பால் எவ்ளோ இருந்தாலும் உறை ஊத்தாம தயிர் தோயாதுல்ல, அதே கததான். முன்னாடி செத்த நட்சத்திரத்தோட கார்பனும் ஆக்சிஜனும் கேஸ்ல கலந்திருக்கணும், அதுல பிறக்கற புது நட்சத்திரம் ஹைட்ரஜன எரிக்கறப்போ 16 ஒரு புரோட்டான புடிச்சு, புளோரின் 17 ஆகி, அது ஆக்சிஜன் 17 ஆயிடும், கூடவே நிறைய நைட்ரஜன் 14 சேரும், அப்புறம் ஹீலியம் எரியறப்போ அந்த நைட்ரஜன் புளோரின் 18 ஆகி அதுலருந்து ஆக்சிஜன் 18. ஆஸ்பத்திரில எடுக்கற பெட் (PET) ஸ்கேனுக்கு ஊசில ஏத்தறாங்களே, அதுவும் இதே புளோரின் 18தான், அத செய்யறதே ஆக்சிஜன் 18 இருக்கற தண்ணிலருந்துதான்!

எனக்கு ரொம்ப புடிச்சது இனிமேதான். நம்ம சூரிய குடும்பத்துல 17 ஒண்ணுக்கு 18 சுமார் 5.2, ஆனா இப்போ சுத்தி இருக்கற கேஸ் மேகத்துல ரேடியோ டெலஸ்கோப் வச்சு அளந்தா கிட்டத்தட்ட 4தான். 18 கனமான நட்சத்திரத்துலருந்து சீக்கிரம் வந்துடும், 17ல பெரும்பங்கு நிதானமா வாழற சின்ன நட்சத்திரத்துலருந்து லேட்டா வரும், அதனால சூரியன் பிறந்த இந்த 460 கோடி வருஷத்துல 17 ஏறிக்கிட்டே வந்திருக்குன்னு ஒரு விளக்கம். இல்ல, சூரியன் பிறந்த இடத்துலயே பக்கத்து சூப்பர்நோவாங்க, அதாவது வெடிச்ச நட்சத்திரங்க, 18அ கூடுதலா கொட்டிடுச்சுன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவது மேலதான் சாய்வு, உங்களுக்கு எது சரின்னு படுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.