வெள்ளம் வேறு, அரிப்பு வேறு

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத் தீவக அபிவிருத்தி பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் அசாமில் இருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே மாஜுலி என்றொரு தீவு இருக்கிறது. 2016இல் அதைத் தனி மாவட்டமாக்கினார்கள். இந்தியாவில் ஓர் ஆற்றுத்தீவு மாவட்டமானது அதுதான் முதல் தடவை. அசாமிய வைணவ ஞானி சங்கரதேவர் வழிவந்த மடங்கள் அங்கே நிறைய. மூங்கிலும் களிமண்ணும் கொண்டு முகமூடி செய்து கூத்தாடுவார்கள். எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் யாரும் போனால் லேசில் திரும்பி வரமாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இப்போது இருப்பதைவிட மிகப் பெரிய தீவு அது. அதில் பெரும்பகுதியை ஆறு கொண்டுபோய்விட்டது. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த பூமியதிர்ச்சி, 8.6 அளவு, மலைகளைச் சரித்து மண்ணை ஆற்றில் கொட்டியது. படுகை உயர்ந்தது. ஆறு பக்கவாட்டில் விரிந்து கரையைத் தின்னத் தொடங்கியது.

வெள்ளம் அந்தச் சனங்களுக்குப் புதிதில்லை. அங்கே வாழும் மிசிங் பழங்குடி மக்கள் தூண்களுக்கு மேல் மூங்கில் வீடு கட்டித்தான் இருப்பார்கள். தண்ணீர் வந்தால் வீட்டுக்குக் கீழால் போகும், வள்ளம் பக்கத்தில் கட்டியிருக்கும். வடிந்த பிறகு வயலில் வண்டல் கிடக்கும். சரி, திட்டம் போட்டவர்கள் செய்தது என்ன? வெள்ளத்தைத் தடுக்க மண் அணை கட்டினார்கள். வெள்ளம் குறைந்தது உண்மைதான். அதோடு வண்டலும் வயலுக்கு வராமல் போனது. ஆற்றோடு தொடர்பு அறுந்த குளங்களுக்கு மீன் ஏறி வர வழியில்லை.

அரிப்போ நிற்கவில்லை. வெள்ளம் வடியும்போதுதான் கரை அதிகம் விழும். மணற்கரை நன்றாக ஊறிப்போய் இருக்கும். முட்டுக்கொடுத்து நின்ற தண்ணீர் இறங்கியதும் பாளம் பாளமாகச் சரியும். அடியில் மண் போனால் மேலே கட்டிய அணையும் சேர்ந்துதான் போகும். பிறகு கொங்கிரீற் கால்களைக் குறுக்கும் மறுக்குமாகப் பிணைத்து ஆற்றில் இறக்கினார்கள். அவை ஓட்டத்தை மறிக்காது, வேகத்தைக் குறைத்து மண்ணைப் படியவிடும். என் கணக்கில், ஆற்றின் குணத்தைக் கேட்டுச் செய்த வேலை அதுதான்.

சல்மோரா என்ற கிராமத்துக் குயவர்கள் சக்கரம் இல்லாமல், கையால் தட்டியே பானை செய்கிறார்கள். களிமண் ஆற்றங்கரையில் ஆழத் தோண்டி எடுப்பது. கரையைக் காப்பதா, அவர்கள் பிழைப்பைக் காப்பதா? இந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் இருந்துகொண்டு பதில் எழுத முடியாது.

இனி எங்கள் பக்கம். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கவனிக்காமல் விடுகிற பிழை இங்கேயும் நடக்கலாம். நெடுந்தீவைச் சுற்றி ஆறு இல்லை, கடல். எங்கள் ஆபத்து நிலத்துக்குக் கீழே. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மழைத்தண்ணீர் மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். அடித்து இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஏறினது இறங்க மழைக்காலம் பல வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் கொடுக்க இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. டீசல் எரித்து கரண்ட் எடுத்த இடங்களுக்கு இது நல்ல விசயம், நான் மறுக்கவில்லை. ஆனால் தடையில்லாத கரண்ட் வந்தால் வீட்டுக்காரர் முதலில் வாங்குவது என்ன? தண்ணீர் மோட்டர். துலா மிதித்தும் வாளி கட்டியும் இறைத்த கிணற்றில் மோட்டர் ஓடினால் அந்த மெல்லிய படை எத்தனை நாளைக்குத் தாங்கும்? மின்சாரத்தை ஒரு திணைக்களமும் தண்ணீரை இன்னொரு திணைக்களமும் பார்க்கிற எங்கள் ஊரில், இதை யார் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது? கம்பம் நடுவதற்கு முதல் கிணறுகளின் உப்பை அளந்து எழுதி வையுங்கள். மாரியில் ஒரு தரம், கோடையில் ஒரு தரம். அளக்கிற வேலையைத் தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். கருவி பெரிய விலையும் இல்லை.

நன்றி, வணக்கம்.